முன்கதைச் சுருக்கம் எழுதப் போய் 78 மணி நேரத்தைத் தொலைத்த கதை

2023 தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ஆபீஸில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, அறையில் உட்கார்ந்து 'பால்டர்ஸ் கேட் 3' டவுன்லோட் ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேம் 2,999 ரூபாய். அது 150 ஜிபி இடம் கேட்டது, என் லேப்டாப்பில் அவ்வளவு இல்லை, அதனால் 4,600 ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி. பின்னால் சொல்லப்போகிற ஒரு ஓவியத்துக்கு 3,500. நாலு நாள் லீவு. இதெல்லாம்கூடப் போகட்டும். 78 மணி நேரம் விளையாடிவிட்டு, நானே உருவாக்கிய ஒரு பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டு வந்தேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. தப்பு கேமில் இல்லை. நான் அவளுக்கு எழுதிக்கொடுத்த முன்கதையில்.

என் நண்பர்கள் எல்லாரும் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்கள். "ஆர்பிஜி" (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற கதை கேம்) என்று ஆரம்பித்தாலே போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இந்த மாதிரி கேமில் முதல் வேலை நீங்கள் யார் என்று முடிவு செய்வது. பால்டர்ஸ் கேட் 3-ஐ உருவாக்கிய லேரியன் ஸ்டூடியோஸ் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஏற்கெனவே கதை எழுதி வைத்திருக்கும் ஆஸ்டாரியன், கார்லாக், ஷேடோஹார்ட் போன்றவர்களில் ஒருவராக ஆடலாம். இல்லையென்றால் வெள்ளைத்தாளில் இருந்து உங்கள் ஆளை நீங்களே உருவாக்கலாம். இனம், தொழில், பின்புலம், முகம், தலைமுடி எல்லாம் கேட்பார்கள். ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள், யாரை இழந்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது உங்கள் மண்டைக்குள் இருக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தில் கதைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். வெள்ளைத்தாளைப் பார்த்தால் விடுவேனா?

முதல் அடி, விளையாட்டு தொடங்கும் முன்பே விழுந்தது. பாத்திரம் உருவாக்கும் திரையிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புருவம் மாற்றுவேன், பெயர் மாற்றுவேன், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி புருவம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த 2 மணி நேரக் கணக்கில் புருவம் வரைந்த நேரமும் சேர்த்தி. என் லேப்டாப்பில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று தெரியவந்தபோது கெடு எப்போதோ தாண்டியிருந்தது. எனவே புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் ஏதோ ஒரு முகத்தோடு உள்ளே போய், சண்டை போட்டு, உங்கள் மெஷினில் ஓடுகிறதா என்று பாருங்கள். அழகுபடுத்துவதெல்லாம் அப்புறம்.

முதல் ஆள் ஆல்ட்ரிக். பதினெட்டுப் போர் கண்ட தளபதி, வயது ஐம்பது, பெயரைச் சொன்னாலே எதிரிகள் நடுங்குவார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கேம் ஒரு பறக்கும் கப்பலில் தொடங்கும். அது உடைந்து கரையில் விழுந்ததும், காலோடு நடமாடும் மூன்று மூளைகள் வந்தன. உண்மையாகவே மூளைதான், நாலு கால் முளைத்தது. பதினெட்டுப் போர் கண்ட தளபதியின் உயிர் 12 புள்ளி. இரண்டு சுற்றில் மண்ணைக் கவ்வினார். மறுபடி லோடு செய்தேன், மறுபடி கவ்வினார். எல்லாரும் இங்கே லெவல் 1-இல்தான் தொடங்குகிறார்கள், 12-இல் முடிக்கிறார்கள். பெரிய சாதனைகளை முன்கதையில் எழுதி வைத்துவிட்டால் அதற்கும் திரையில் நடப்பதற்கும் ஒட்டவே ஒட்டாது. சாதனை கேமுக்குள் நடக்கட்டும். முன்கதையில் தோல்வி, பாதியில் நின்றது, ஓடி வந்தது, இவைதான் லெவல் 1 ஆளுக்குப் பொருந்தும். ஆல்ட்ரிக்குக்குப் போனது ஒன்பது மணி நேரம். பெரிய வருத்தம் இல்லை, பிடிக்காத மனிதர்தான்.

அடுத்து வந்தவள் இல்வா. பட்டது எல்லாம் இவளிடம்தான்.

இல்வா வடக்கே ஐஸ்விண்ட் டேல் பனிப்பிரதேசத்தில், டென் டவுன்ஸ் என்ற பத்து ஊர்களில் ஒன்றான பிரெமன் என்ற ஊரின் மீன்காரி. இந்த கேமுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பழைய விளையாட்டின் கற்பனை உலகத்தில் இந்த இடமெல்லாம் ஏற்கெனவே இருப்பவை. தேடித்தேடிப் படித்தேன். மேர் டுவால்டன் என்ற ஏரி, அதில் கிடைக்கும் நக்கிள்ஹெட் டிரவுட் என்ற முரட்டு மீன், அதன் எலும்பில் செதுக்கி விற்கிற கைவேலை. நான் கடற்கரை ஊர்க்காரன். மீன் என்றதும் கை தானாக ஓடியது. வலை கிழிந்தால் எப்படித் தைப்பாள், அப்பா எந்த ஆணிக்குத் தொப்பி மாட்டுவார் என்பது வரை எழுதினேன். இரண்டு வார இறுதி. பதினாலு பக்கம். வாரப் பத்திரிகைத் தொடரில் ஆரம்பத்தில் பத்து வரி முன்கதைச் சுருக்கம் போடுவார்கள் இல்லையா, நான் சுருக்கம் எழுத உட்கார்ந்து தொடரையே எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பக்கங்களில் அப்பாவைக் கொன்ற ஒரு வியாபாரி உண்டு. பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போன ஒரு அக்கா உண்டு. படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அந்தச் சூட்டிலேயே, இணையத்தில் ஓவியம் வரைந்து கொடுக்கிற ஒருவரிடம் இல்வாவின் படத்துக்குப் பணம் கட்டினேன். அவர் அருமையாகத்தான் வரைந்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் தூண்டிமுள், பின்னால் உறைந்த ஏரி.

கேமின் ஆரம்பத்தில் எமரால்ட் குரோவ் என்று ஒரு காட்டுப் புகலிடம் வரும். அங்கே அகதிகளாக வந்திருக்கும், கொம்பு முளைத்த டீஃப்ளிங் இனக் கூட்டத்தில் அரபெல்லா என்ற சின்னப் பெண், கோயில் சிலையைத் திருடிவிட்டு மாட்டிக்கொண்டிருப்பாள். காஹா என்ற பெண்மணி, விஷப்பாம்பை அந்தக் குழந்தைக்கு முன்னால் விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பாள். திரையின் கீழே நாலைந்து பதில்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கேமை அப்படியே நிறுத்திவிட்டு, போனில் அந்தப் பதினாலு பக்கத்தைத் திறந்து இருபது நிமிடம் தேடினேன். இல்வா இந்த இடத்தில் என்ன செய்வாள்? வலை தைப்பது எப்படி என்று இருந்தது. தொப்பி மாட்டும் ஆணி இருந்தது. ஒரு குழந்தை திருடிவிட்டு நடுங்கி நிற்கும்போது இவள் கோபப்படுவாளா, கெஞ்சுவாளா, வேடிக்கை பார்ப்பாளா என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் பார்க்க நல்லதாகத் தெரிந்த பதிலை அழுத்தினேன். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை உருட்டித்தான் கேம் முடிவு செய்யும். பகடை சரியாக விழவில்லை. குழந்தை ஓடப் பார்த்தது, பாம்பு கொத்திவிட்டது. எனக்குப் பகீரென்றது. ஆனால் இல்வாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதும் தெரியவில்லை. முன்கதை என்பது வரலாறு அல்ல, பதில் தேர்ந்தெடுக்கும் அந்தப் பத்து நொடிக்கு உதவுகிற சாமான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தது. ஒரு உரையாடலில், பதிலுக்கு முன்னால் 'பால்டூரியன்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வரி வந்தது. அதாவது நீ பால்டர்ஸ் கேட் நகரத்துக்காரி, அந்த ஊர் விஷயம் உனக்குத் தெரியும் என்று கேமே சொல்கிறது. என் மனிதப் பாத்திரத்தை அது உள்ளூர்க்காரியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரெமனாவது, டிரவுட்டாவது! அந்த வரியை அழுத்தாமல் விடலாம்தான், விட்டேன். ஆனால் நிலாவில் பிறந்தவள் என்று ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுத்து, அவர்கள் மயிலாப்பூர் என்று அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

பின்புலம் தேர்ந்தெடுத்ததிலும் கோட்டைவிட்டேன். பதினொன்று கொடுத்திருக்கிறார்கள்: வீரர், திருடர், கைவினைஞர், பிரபு, தெருப்பிள்ளை என்று. நான் பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று 'ஃபோக் ஹீரோ'வை, அதாவது மக்கள் நாயகனை எடுத்தேன். வெறும் பட்டப்பெயர் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பின்புலம் இரண்டு திறமைகளைத் தருகிறது. அதைவிட முக்கியம், அந்தப் பின்புலத்துக்கு ஏற்ற காரியம் செய்தால் 'இன்ஸ்பிரேஷன்' என்று ஒரு புள்ளி கிடைக்கும். நாலு வரை சேர்த்து வைக்கலாம். பகடை சொதப்பினால் ஒன்றைச் செலவழித்து மறுபடி உருட்டலாம். நான் எழுதியதோ யாருடனும் ஒட்டாத, ஊர் வம்புக்குப் போகாத மீன்காரி. நாயகன் செய்ய வேண்டிய எதையும் அவள் செய்ய மாட்டாள், புள்ளி எங்கிருந்து வரும்? ராத்திரி தங்கும் முகாமில், அதாவது கேம்பில், விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுக் கிழவர் இருப்பார். 100 பொற்காசு கொடுத்தால் தொழிலை, திறன் எண்களை எல்லாம் மாற்றித் தருவார். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று போனால், இனத்தையும் பின்புலத்தையும் மட்டும் அவர் தொடுவதே இல்லை. முகத்தையும் முடியையும்கூடக் கேம்பில் இருக்கும் மாயக் கண்ணாடியில் மாற்றலாம். ஆக, நான் மூன்று மணி நேரம் செலவழித்த புருவம் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது, மூன்று விநாடியில் அழுத்திய பின்புலம் கடைசி வரை கூடவே வருவது. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்.

அப்பாவைக் கொன்ற வியாபாரியைத் தேடிப் போனது அடுத்த கூத்து. நான் பெயர் வைத்த ஆள். இடது கன்னத்தில் தழும்பு. எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரரின் கன்னத்தைப் பார்ப்பேன். அவன் எங்கே இருப்பான்? என் போனில் இருக்கிறான். நாற்பது மணி நேரம் கழித்து இது மண்டையில் ஏறியது. பக்கத்திலேயே கார்லாக் கூட்டாளியாக நடந்து வருகிறாள். அவளை நரகத்துக்கு விற்றவனின் பெயர் கோர்டாஷ், அவன் உண்மையிலேயே கேமுக்குள் இருக்கிறான், கணக்குத் தீர்க்கிற நேரமும் அவளுக்கு வரும். அவள் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது, இல்வாவின் கோபத்துக்கு இல்லை. பொறாமையாக இருந்தது, சிரிக்காதீர்கள். பழிவாங்கும் கதை வேண்டுமென்றால் ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் குறிக்காதீர்கள். ஒரு வகை ஆளைக் குறியுங்கள். 'கடனுக்குக் குழந்தைகளை எடுத்துக்கொள்பவன்' என்று எழுதினால் அவன் எல்லா ஊரிலும் இருப்பான்.

இனி வருவது கதையின் பெரிய முடிச்சு. இன்னும் ஆடாதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்கள் ஆளை உருவாக்கி முடித்ததும், களைத்துப்போன நேரத்தில், கேம் இன்னொரு முகத்தையும் செய்யச் சொல்லும். கனவில் வருகிற காவலர். யார், எதற்கு என்று ஒன்றும் சொல்லாது. நான் உடனே, ஏரியில் மூழ்கிய அக்காதான் என்று முடிவுகட்டினேன். இருக்கிற முகங்களில் தேடி, என் சொந்த அக்காவின் தாடை உள்ள ஒன்றைப் பிடித்தேன். கேமில் அந்த உருவம் கனவில் வந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அது இல்வாவைத் தங்கை என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, ஏரியைப் பற்றிப் பேசவில்லை. ஆவிக்கு மறதி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் பாகம் தொடங்கும்போது அந்த உருவம் கலைந்தது. உள்ளே இருந்தது வாயில் விழுதுகள் தொங்கும், மைண்ட் ஃப்ளேயர் என்ற மூளை தின்னும் அரக்கன். நம்ப வைப்பதற்காகப் போட்ட வேஷமாம். நடு ராத்திரி, தனியாக, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினாலு பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆணியும் பிடுங்கிக்கொண்டு போனது. 78-வது மணி நேரம் அது. சேவ் செய்து மூடினேன். இல்வா இன்றைக்கும் அதே சேவில் நிற்கிறாள்.

ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தால், அது எவ்வளவு நல்ல காட்சி! இறந்த அக்காவின் முகத்தைக் காட்டி ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய துரோகத்தை எந்த எழுத்தாளர் எழுத முடியும்? அதை எனக்குக் கெடுத்தது என் ஒற்றை வரிதான். 'காவலர் அக்காவின் ஆவி' என்று நடந்த உண்மையாக எழுதி வைத்திருந்தேன். 'அது அக்கா என்று இல்வா நம்புகிறாள்' என்று எழுதியிருந்தால் கேம் எனக்காகவே எழுதியது போல இருந்திருக்கும். இதுதான் நான் 78 மணி நேரம் கொடுத்து வாங்கிய பாடம். நடந்தது இது என்று எழுதாதீர்கள், நடந்ததாக உங்கள் ஆள் நம்புவது இது என்று எழுதுங்கள். கேம் முரண்பட்டால் அடிபடுவது அவளுடைய நம்பிக்கை, உங்கள் கதை அல்ல.

லேரியன் எழுத்தாளர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் கவனித்தேன். ஷேடோஹார்ட்டின் நினைவில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அவள் முன்கதையில் பாதி ஓட்டை, அந்த ஓட்டைதான் அவளை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு கூட்டாளியான கேல் பெரிய மந்திரவாதி, ஆனால் நமக்கு முதலில் தெரியவருவது அவனுக்கு மந்திரப் பொருள்களை விழுங்கியாக வேண்டும் என்கிற தேவை. அதற்கு நம்மிடம் கையேந்துகிறான். வரலாறு அப்புறம் வருகிறது, கேம்பில், துண்டு துண்டாக. இன்னொன்றும் உண்டு. எந்த கேம் எவ்வளவு இடம் விடுகிறது என்று தெரிந்துகொண்டு பேனாவை எடுக்க வேண்டும். 2011-இல் வந்த ஸ்கைரிமில் கைதியாக வண்டியில் விழிக்கிறீர்கள், அதற்கு முன் நீங்கள் யாராகவும் இருந்திருக்கலாம். 2015-இல் வந்த ஃபால்அவுட் 4-இலோ உங்களுக்குக் கல்யாணம் ஆகி, கைக்குழந்தை இருந்து, அது கடத்தப்பட்டும் ஆகிவிட்டது. தனிக்கட்டைத் துறவி கதை அங்கே ஓடாது. 2009-இன் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் ஆறு முன்கதைகளைக் கொடுத்து, தேர்ந்தெடுத்ததை நீங்களே விளையாடித் தொடங்க வைக்கிறது. என் பதினாலு பக்கமும் ஸ்கைரிமில் ஒருவேளை பிழைத்திருக்கும்.

பொங்கல் லீவில் மூன்றாவது ஆளை உருவாக்கினேன். பெயர் பிப். முன்கதை அரைப் பக்கம், அதுவும் போனில் தட்டியது. நாலே விஷயம் எழுதினேன். எதைக் கண்டால் இவளால் சும்மா போக முடியாது: பெரியவர்கள் குழந்தைகளை மிரட்டுவது. எதைப் பற்றிப் பொய் சொல்வாள்: எழுதப் படிக்கத் தெரியும் என்று. யாருக்குக் கடன்: நகரத்தில் ஒரு கிழவிக்கு, எவ்வளவு என்று மறந்துபோயிற்று. அவளுக்கே தெரியாதது: அம்மா யார். இனம் அரை எல்ஃப், பின்புலம் தெருப்பிள்ளை, ஊர் பால்டர்ஸ் கேட்டேதான். அந்த அடைப்புக்குறி வரி வந்தபோது இந்தத் தடவை சந்தோஷமாக அழுத்தினேன்.

படிப்புப் பொய்தான் எதிர்பாராமல் விளைந்தது. இந்த கேமில் எங்கு பார்த்தாலும் புத்தகம், கடிதம், நாட்குறிப்பு. பிப்பாக ஆடும்போது ஒன்றையும் திறப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டேன். ஒரு பாழடைந்த ஊரின் நிலவறையில், முகம் பதித்த அட்டையோடு ஒரு பயங்கரப் புத்தகம் கிடைக்கும். எல்லாரும் ஆவலாகத் திறப்பது. நான் அதைத் தூக்கிக் கேம்ப் பெட்டியில் போட்டுவிட்டு, தெரிந்தவள் மாதிரி நடந்துபோனேன். சாவி எங்கே, பொறி எங்கே என்று எழுதி வைத்திருந்ததெல்லாம் தெரியாமல் நாலு இடத்தில் அடிவாங்கினேன். நஷ்டம்தான், ஆனால் ஒவ்வொரு அடியும் பிப் வாங்கியதாக இருந்தது. இப்படி விதி வைப்பதாக இருந்தால் ஒன்றே ஒன்று வையுங்கள். நான் இரண்டாவதாக 'இரும்பைத் தொட மாட்டாள்' என்று சேர்க்கப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் கைவிட்டேன்.

குரோவுக்கு மறுபடி போனேன். அதே பாம்பு, அதே காஹா, அதே நடுங்கும் குழந்தை. இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. பதில்கள் திரையில் முழுசாக வருவதற்குள் கை போய்விட்டது. பகடை உருண்டு 4 விழுந்தது. தெருப்பிள்ளைக்கு வந்திருந்த இன்ஸ்பிரேஷன் ஒன்று கையில் இருந்தது. செலவழித்தேன், 17. குழந்தை அம்மாவிடம் ஓடியது. அந்த அம்மா கொமிரா, நன்றியாக ஒரு லாக்கெட் கொடுத்தாள். விற்றால் காசு, மாட்டினால் பலன். நான் இரண்டும் செய்யவில்லை. 110 மணி நேரம் கழித்துக் கேம் முடியும்போதும் அது பிப்பின் பையில், திருடிய கரண்டிகளுக்கு நடுவில் கிடந்தது.

இல்வாவின் ஓவியம் இப்போதும் என் லேப்டாப் வால்பேப்பர். 3,500 ரூபாய் ஆயிற்றே. போன மாதம் அக்கா வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "யாருடா இது, மீன்காரி?" என்றாள். தெரிந்தவங்க என்றேன். "எந்த ஊரு?" என்று கேட்டாள். பிரெமன் என்று சொல்ல வாயெடுத்து, டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவள் தாடையை எடுத்து எங்கே வைத்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.